பஸ்ஸில் தூங்கச் சொன்னவர்

அப்பா சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இதயத்தால் அல்ல. கருமாதிக்கு வந்தவர்களில் பாதிப்பேர், "அன்னைக்கே பாலத்துல நெஞ்சு அடைச்ச மனுஷன்தானே" என்றார்கள். அது தவறான தகவல். அதனால் இதை எழுதுகிறேன்.

பெயர் காளிதாசன். மலேசியாவில் சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறி வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது பாக்கார் ஆராங்குக்குக் குடிவந்து, தொழிற்சாலை பஸ் ஓட்டத் தொடங்கினார். காலையில் மெர்போக் பக்கம் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து, சுங்கைப் பட்டாணியில் இறக்குவார்.

ஒரு நாள் பாலத்தின் நடுவில் அவருக்கு மூச்சு முட்டியது. நெஞ்சு படபடத்தது. விரல்கள் மரத்துப்போயின. பஸ்ஸை ஓரங்கட்டி இறங்கி, தரையில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். இதயம் நன்றாக இருந்தது. டாக்டர் "பேனிக் அட்டாக்" என்றார். அப்பா நம்பவில்லை. பஸ் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார்.

"நான் செத்தா பரவால்ல ஷீலா. பின்னால பஸ் நெறைய பொம்பளப் புள்ளைங்க. நான் மயங்குனா அதுங்க ஆத்துலதான்" என்றார் என்னிடம்.

வேறு வேலை கிடைக்காமல் இல்லை. அந்தப் பெண்களை நம்பி ஏற்றிக்கொள்ளத் தனக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு விடை தெரியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

நான் வாயுக் கசிவைக் காட்டும் கருவிகளைச் சரிபார்ப்பவள். கசிவே இல்லாமல் அடிக்கும் அலாரம் எனக்குப் பழக்கம். அப்பாவுக்கு வந்ததும் அதுதான் என்றேன்.

"அப்ப ஒயரப் புடுங்கிவிடு" என்றார்.

உளவியல் சிகிச்சையாளர் உமாராணியிடம் அழைத்துப் போனபோது, அப்பா முதல் வேலையாக இதைத்தான் கேட்டார். உமாராணிக்கு என் வயதுதான் இருக்கும்.

"ஒயரப் புடுங்க முடியாது அங்கிள். அடிக்கட்டும். கசிவு இல்லன்னு உங்க உடம்பே பார்த்துத் தெரிஞ்சுக்கணும்."

அவர் செய்தது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பயத்தை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டு, அது பலிக்கிறதா என்று செய்து பார்ப்பது. எனக்குப் பிடித்துப்போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் சொன்னார். சிறிது நேரத்தில் அப்பாவுக்கு வியர்த்தது, நெஞ்சு அடித்தது. ஸ்ட்ராவைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"இதேதான் டாக்டர்! பாலத்துல வந்தது இதேதான்!"

"நான் டாக்டர் இல்ல அங்கிள். மயங்கினீங்களா?"

"இல்ல."

"நெஞ்சு அப்படி அடிக்கறப்போ ரத்த அழுத்தம் ஏறும். மயக்கம் பெரும்பாலும் அது எறங்கறப்போதான் வரும்."

வீடு திரும்பும் வழியில் அப்பா கடையில் நிறுத்தச் சொல்லி ஒரு பாக்கெட் ஸ்ட்ரா வாங்கினார். அம்மா பிரேமாவதி, "பச்சப் புள்ளையா நீங்க?" என்று கேட்டார். ஆனாலும் கூடவே உட்கார்ந்து தானும் ஊதிப் பார்த்தார்.

முதலாளியிடம் சாவியைத் திரும்ப வாங்கினார். முதலில் காலி பஸ். பிறகு பெண்களுடன். அப்பா பாலத்தைக் கடந்துவிட்டார். நாங்கள் பாயசம் வைத்தோம். உமாராணி மட்டும் மகிழவில்லை.

"பஸ்ஸுல என்னென்ன இருந்துச்சு அங்கிள்?"

சட்டைப்பையில் அம்மா சாமி மேடையிலிருந்து எடுத்துக் கொடுத்த எலுமிச்சம்பழம். கையில் கோயில் கயிறு. முன் இருக்கையில் கோடாலித் தைலத்துடன் மருதம்மாள் அத்தை. அவர் அந்த பஸ்ஸில் பல வருடமாக வருபவர். அப்பாவை அண்ணன் என்பார்.

"அப்ப பாலத்தத் தாண்டினது யாரு?"

அப்பா யோசித்தார். "பழம்தான்."

உமாராணி ஒவ்வொன்றாக விடச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம். "சாமி பழத்தக் கீழ வைக்கச் சொல்லுதா அந்தப் பொண்ணு?" மறுமுறை அம்மாவும் வந்தார். உமாராணி, "சாமி வேணாம்னு சொல்லல ஆன்ட்டி. பழம் சாமி மேடையிலயே இருக்கட்டும். அங்க இருந்து பார்த்துக்காதா?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவே பழத்தைச் சாமி மேடையில் வைத்தார்.

பழம் போனது. கயிறு போனது. தைலமும் போனது. பிறகும் பாலம் வரும்போது அப்பாவின் கை கண்ணாடிக்குப் போனது. பின்னால் பார்ப்பார். எல்லாரும் விழித்திருப்பார்கள், அவரையே பார்த்தபடி. முன்பெல்லாம் ஏறியதும் தூங்கிவிடுகிறவர்கள். இப்போது அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடக்கூடாதே என்று, மருதம்மாள் அத்தை சொல்லி, யாரும் கண்ணை மூடுவதில்லை. அவ்வளவும் அன்பு. அந்த அன்பு தினமும் அப்பாவிடம், நீ மயங்கக்கூடியவன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்தது உமாராணி அல்ல, அப்பாதான். மிச்சத்தை மருதம்மாள் அத்தை கருமாதி வீட்டில், வடைமாவு அரைத்துக்கொண்டே சொன்னார்.

ஒரு நாள் அப்பா பஸ்ஸைக் கிளப்பாமல் எழுந்து நின்றிருக்கிறார்.

"யாரும் என்னைய பாக்கக் கூடாது. எல்லாரும் தூங்குங்க. நீங்க தூங்குனாத்தான் எனக்குக் கொணமாகும்."

"தூக்கம் வரலேன்னா எப்படிண்ணே? தாலாட்டுப் பாடுங்க லா."

"கண்ண மூடு மருதம்மா."

மூடினார்கள். பாலம் வந்ததும் அத்தை வேண்டுமென்றே குறட்டை விட்டார். பின்னால் ஒரே சிரிப்பு. "கொறட்டை மட்டும் வேணாம், ஸ்டியரிங் ஆடுது" என்றாராம் அப்பா. நெஞ்சு அன்றும் அடித்ததாக உமாராணியிடம் சொன்னார். அடிக்க விட்டுவிட்டாராம். கண்ணாடியைத் தொடவில்லையாம்.

"தெனமும் நடிச்சோம் ஷீலா. ஒரு மழைநாளு, நெசமாவே தூங்கிட்டோம். எல்லாரும்" என்றார் அத்தை.

அத்தை விழித்தபோது பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றிருக்கிறது. இன்ஜின் அணைந்திருந்தது. அப்பா தன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து, வாய் பிளந்து தூங்கும் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஏண்ணே எழுப்பல? மணி அடிச்சிருச்சே!"

"கொஞ்ச நேரம் தூங்கட்டுமேன்னு..." சொல்லிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டாராம்.

மழையில் ஓடினார்கள். சூப்பர்வைசர் வாசலிலேயே நின்று, ஏன் தாமதம் என்று கத்தினாராம்.

"எங்க டிரைவருக்கு வைத்தியம் பாத்துட்டு வரோம்" என்றாராம் அத்தை.