முந்நூற்று இருபது

வயது ஏறாதா என்று ஏங்குகிற கிழவிகளைப் பார்க்க வேண்டுமென்றால் அரிசோனாவில் மேசா நகரத்து நீச்சல் குளத்துக்குக் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். அங்கே ஐந்து ஐந்து வயதாகப் பிரித்துத்தான் பந்தயம். எழுபத்து நான்கு வயதுக்காரி எழுபது வயதுக் குட்டிகளிடம் தோற்றுத் தோற்று நொந்துபோவாள். எழுபத்தைந்து பிறந்துவிட்டால் அவளே அடுத்த பிரிவின் குட்டி. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி ஆட்டம் போடுவார்கள்.

மார்லிஸ் எங்ஸ்ட்ராமுக்கு அப்படித்தான் மார்ச் மாதம் கேக் வெட்டினார்கள். முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசிப் பிள்ளை இறங்கியதும் எழுந்து பின்வரிசைவரை நடந்து, எந்த இருக்கையிலாவது ஒரு குழந்தை தூங்கிப்போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். ஒருநாளும் தவறியதில்லை. புருஷன் போன பிறகு மூட்டு வலிக்காக நீந்த வந்தவள், பட்டாம்பூச்சி நீச்சலில் நிலைத்துவிட்டாள்.

அவளுடைய பிறந்தநாளுக்கு அவள் அணியின் மற்ற மூவரும் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு பேர் தொடர் நீச்சலில் நால்வரின் வயதையும் கூட்டிப் பிரிவு வைப்பார்கள். மார்லிஸ் எழுபத்தைந்து, கொன்சுவேலோ எழுபத்தெட்டு, ஐலீன் எண்பது, ஆர்டித் எண்பத்தேழு. கூட்டினால் சரியாக முந்நூற்று இருபது. அந்தப் பிரிவில் மாநிலச் சாதனை இவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒருத்தி விலகி எழுபது வயதுக்காரி வந்தால் கணக்கு இடிக்கும். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் தள்ள முடியாது. ஆர்டித்துக்கு ஜனவரியில் இதய வால்வு மாற்றப் போகிறார்கள், அதற்குப் பிறகு பந்தயம் என்ற பேச்சே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து மார்லிஸின் கைகள் சதி செய்தன. கடைசிப் பத்து மீட்டரில் தோள் தண்ணீரை விட்டு எழும்பவே மறுத்தது. தன்னால் ஆர்டித்தின் ஆசை கெட்டுவிடுமே என்ற பயம் அவளைத் தின்றது. அப்போதுதான் இணையத்தில் பெப்டைடு என்ற ஊசிமருந்து ஒன்று கண்ணில் பட்டது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா கிழடு தட்டுவதால்தான் மனிதர் கிழடு தட்டுகிறார், இந்த ஊசி அதைத் தட்டி எழுப்பும் என்று எழுதியிருந்தார்கள். ஆகஸ்டில் பொட்டலம் வந்தது. கட்டைவிரல் அளவுக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி, மேலே 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல' என்று சீட்டு. நான் என்ன எலியா என்று சிரித்துக்கொண்டாள். கிருமி நீக்கிய தண்ணீரைக் குப்பிச் சுவரோரம் மெல்ல இறக்கி, குலுக்காமல் உருட்டி, குளிர்பெட்டியில் பாலாடைக்கட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வாரம் மூன்று முறை வயிற்றில் ஊசி. பதினொரு வாரம்.

ஐம்பது மீட்டருக்கு அவள் எடுத்த ஐம்பத்தெட்டு நொடி ஐம்பத்தாறாக இறங்கியது. ஊசியாலா, பயத்தில் கூடுதலாக நீந்தியதாலா, யாருக்குத் தெரியும்? மார்லிஸ் கேட்டுக்கொள்ளவில்லை. ஆர்டித் அவள் முதுகில் தட்டி, "பேய் மாதிரி நீந்தறியேடி!" என்றபோது உள்ளம் குளிர்ந்தது.

டிசம்பர் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு படிவத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். தடை செய்யப்பட்ட மருந்து எதுவும் எடுக்கவில்லை என்று ஒரு வரி. பத்து வருடமாக அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டவள். இந்த முறை பேனா நின்றது. பட்டியலைத் தேடிப் பார்த்தாள். குப்பியில் இருந்த அதே பெயர் அதில் இருந்தது.

உள்ளூர்ப் பந்தயத்தில் யாரும் சோதிக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். மார்லிஸும் மூடிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டாள், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் பந்தயத்தன்று உடை மாற்றும் அறையில் ஆர்டித் நீச்சல் தொப்பிக்குள் வெள்ளை முடியைத் திணித்துக்கொண்டு தனக்குத்தானே பாடுவதைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை.

"ஆர்டித், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஆர்டித் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தாள். "ஏண்டி, ஒரு மணி நேரம் பொறுத்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லாம நீந்தியிருந்தா..."

"நீந்தியிருந்தா நீ மட்டும் ராத்திரி தூங்காம கெடந்திருப்ப. இப்போ நாலு பேரும் தூங்க மாட்டோம். பெரிய உத்தமி!"

மார்லிஸ் அழுதாள். ஆர்டித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, அது வேலை செய்யுதா?" என்றாள்.

"என்னது?"

"அந்த ஊசிதான். நெஜமா வயசைப் பிடிச்சு நிறுத்துதா? எனக்கு நீந்தறதுக்கு வேணாம்டி. ஜனவரி ஆபரேஷனைத் தாண்டிப் பொழைக்கணும். அதுக்குக் கேக்கறேன்."

ஆர்டித் மடியில் இருந்த தொப்பியைப் பிசைந்துகொண்டிருந்தாள். எண்பத்தேழு வயதில் அவள் பயந்து மார்லிஸ் பார்த்தது அன்றுதான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. குற்றத்தைச் சொன்னதைவிட இது கடினமாக இருந்தது.

"தெரியல ஆர்டித். அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. நீங்க அதைத் தொடாதீங்க."

"என்ன இருக்குன்னே தெரியாத ஒண்ணுக்காகவா என் ரிலேயைக் காவு குடுத்த?"

ஆர்டித் எழுந்து போய்த் தானே நடுவர் மேசையில் அணியின் பெயரை அடித்துவிட்டு வந்தாள். காரணம் கேட்ட ஐலீனிடமும் கொன்சுவேலோவிடமும், "எனக்கு மூச்சு வாங்குது," என்று ஒரே பொய்யாகச் சொல்லிவிட்டாள்.

மல்லாந்து நீந்தும் தனிப் போட்டியில் மட்டும் ஆர்டித் இறங்கினாள். பக்கத்து வரிசைக்காரர்கள் எல்லாரும் முடித்துத் துண்டு போர்த்திய பிறகும் அவள் கூரையைப் பார்த்தபடி நிதானமாக வந்துகொண்டிருந்தாள். மார்லிஸ் குளத்தின் ஓரமாகவே கூடவே நடந்தாள். கை சுவரைத் தொட்டதும் மண்டியிட்டாள்.

"கையக் குடுடி ஊசிக்காரி," என்றாள் ஆர்டித் மூச்சிரைக்க.

மார்லிஸ் இரண்டு கையாலும் அவளைத் தூக்கினாள். ஈர உடம்பு மேலே சாய்ந்ததும் அந்த நெஞ்சு தறிகெட்டு அடிப்பது தன் நெஞ்சிலேயே கேட்டது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். ஆர்டித்தும் விடச் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு என்னை நீதான் கூட்டிட்டுப் போற," என்றாள் ஆர்டித். "பஸ் ஓட்டினவதானே. மெதுவா ஓட்டு."