காய்ப்பு என்று நினைத்தேன்

திண்டிவனத்தில் நாடக ஒத்திகை முடிந்து பிடிலைப் பெட்டியில் வைக்கும்போதுதான் பார்த்தேன், இடது கை மோதிர விரலில் ரத்தம். தந்தி அறுத்திருக்கிறது. எனக்கு வலிக்கவே இல்லை.

பிடில்காரனுக்கு விரல் நுனி காய்த்துப்போவது பெருமை. பயப்பட வேண்டியவன் மார்தட்டிக்கொண்டேன். மிருதங்கக்காரரிடம் விரலை நீட்டி, "கத்தி வெச்சாக்கூட தெரியாது, பாருங்க" என்றேன். இதைப் படிக்கும் யாருக்காவது அந்தப் பெருமை இருந்தால் இன்றே வைத்தியரிடம் போங்கள். எட்டு மாதத்தை அப்படியே தொலைத்த மடையன் நான்.

அப்போது எனக்கு ஓயாத வேலை. கல்யாணக் கச்சேரியில் பக்கவாத்தியம், நாடகத்தில் ஆர்மோனியத்தோடு, ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் நோட்டுப் பார்த்து வாசிப்பு. மூன்றுக்கும் விரல் வைக்கும் விதமே வேறு. பத்து வருஷம் பழகியது. மாதாகோயில் பாட்டுக்குச் சுண்டு விரல் ஓயாமல் வேண்டும். அதுதான் முதலில் தடுமாறியது. தந்தியைத் திட்டினேன், பிறகு மழைக்காலத்தை.

ஒருநாள் விழுப்புரம் ஸ்டேஷனில் என் மனைவி அஞ்சலை என் கையிலிருந்த காப்பி டம்ளரைத் தட்டிவிட்டாள். சூட்டில் விரல் கொப்புளித்திருந்தது. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார்.

"எந்த வெரல்னு சொல்லுங்க."

இரண்டு விரலைச் சொன்னேன். பிறகு சத்தமே இல்லை.

"எப்ப தொடுவீங்க, சார்?"

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் சுண்டு விரல்மேல் இருந்தது.

முழங்கை நரம்பு தடித்திருக்கிறது என்றார். பெருவியாதி (தொழுநோயை அன்று அப்படித்தான் சொல்வோம்).

"மறுபடி வாசிப்பேனா?"

"இருக்கிற வெரலைக் காப்பாத்துவோம். ஜல்தியா வந்திருக்கணும் நீங்க."

நீரடிமுத்து ஊசி (ஒரு மரத்தின் விதையெண்ணெய், அன்று இருந்த மருந்து) வாரம் இரண்டு. போட்ட இடம் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. சேதி பரவியதும் யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. மிருதங்கக்காரர் என்னைக் கண்டால் தெரு மாறினார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அஞ்சலையிடம், "நீ உங்க அம்மா ஊட்டுக்குப் போயிடு" என்றேன்.

"நான் பூட்டா பஞ்சு யாரு வெப்பாங்க?"

தினமும் காலையில் டாக்டர் செய்ததுபோலவே அவள்தான் பஞ்சு வைத்துச் சோதித்தாள். மூன்றாம் வருஷம் மோதிர விரலில் ஏதோ ஊர்ந்தது. ஓடிப்போய்த் தந்தியை அழுத்தினேன். வலித்தது. சந்தோஷத்தில் அழுதேன்.

சுண்டு விரலுக்கு மட்டும், "இன்னும் தொடலீங்க, இருங்க" என்பாள். நானும் இருப்பேன்.

நோய் அடங்கியது என்று டாக்டர் சொன்னபின் மாதாகோயிலில் கூப்பிட்டார்கள். பாட்டுகளை மூன்று விரலுக்கு மாற்றி எழுதி வாசிக்கிறேன். முன்பெல்லாம் அடுத்த கச்சேரி வரை நாள் எண்ணுவேன். இப்போது ஒரு காலையிலிருந்து மறு காலை வரைதான் என் கணக்கு.

போன மாதம் சோதனையின்போது திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்தேன். பஞ்சு சுண்டு விரல்மேல் இருந்தது. "இன்னும் தொடலீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிக்கொண்டேன்.

இன்று காலையும் கேட்டேன், "தொட்டுட்டியா?"

"இல்லீங்க, இருங்க."

இருந்தேன்.