ஆகஸ்டில் ஹீட்டர் எதற்கு?

இன்று வளைகுடா நகரமான அஜ்மானில், எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பஞ்சாயத்து.

ஹீட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. அதன் வால்வை மூடிவிட்டு மெயின்டனன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். வருஷா வருஷம் கான்ட்ராக்ட் பணம் கட்டுகிறோமே, புதுசு மாட்டித் தரட்டும்.

சூப்பர்வைசர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். ஹீட்டரைத் தடவிப் பார்த்தார். பிறகு பைப்பைத் திறந்து விரலை நீட்டினார்.

“அண்ணை, சுடுதண்ணி வராட்டில்தான் எமர்ஜென்சி, அப்பதான் ஃப்ரீ. இஞ்ச நல்லா வருகுதே. புதுசு வேணுமெண்டால் நீங்கள்தான் காசு குடுக்கவேணும்.”

“அது பச்சைத்தண்ணி பைப்புங்க! மாடி டேங்க் வெயில்ல கொதிக்குது. ஹீட்டரை ஆஃப் பண்ணி வச்சா, அதுக்குள்ள நிக்கிற தண்ணி வீட்டு ஏசில ஆறி வரும். நாங்க குளிக்கிறதே அதுலதான்.”

“அப்ப பழுதானது உங்கட கூலர். கான்ட்ராக்டில கூலர் இல்லையே!”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

துரு ஒட்டிய கைக்கு மனுஷன் தாராளமாகச் சோப்புப் போட்டார். பழக்கதோஷத்தில் அதே பைப்பில் நீட்டினார். “ஐயோ!” என்று இழுத்துக்கொண்டார்.

என் மனைவி ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள்.

“அண்ணே, இது எமர்ஜென்சியா, இல்லையா? சொன்னாத்தான் ஊத்துவேன்.”

“எமர்ஜென்சிதான் தங்கச்சி, ஊத்துங்கோ!”

நாளை புது ஹீட்டர் வருகிறது, ஃப்ரீயாக. தெரியாமல்கூட யாரும் ஆன் பண்ணிவிடக் கூடாது என்று சுவிட்சின் மேல் இப்போதே டேப் ஒட்டிவிட்டேன்.

உங்கள் வீட்டு ஹீட்டர் எந்த மாதம் ஹீட்டராகிறது?