மூதூர் லாஞ்சில் ஒரு ராணி

திருகோணமலை இறங்குதுறை. மூதூருக்குப் போகும் லாஞ்ச் படகு புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. சோதனைச் சாவடி வரிசையில் எனக்கு முன்னால் பாலையூற்றைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். மூதூர்த் தேவாலயத் திருவிழாவில் இன்று மாலை அவர்களுடைய நாடகம். கணவன் ஊரில் இல்லாத நேரத்தில் கோட்டையை வளைத்த பகையரசனோடு, தானே வாளெடுத்துப் போரிட்ட அந்தக் காலத்து ராணி ஒருத்தியின் கதை. தையல் ஆசிரியை புனிதம்தான் ராணி. பகையரசன் அவருடைய மச்சாள் திரேசா.

பெண் பொலிஸ் பையைக் கவிழ்க்கிறார். அட்டைக் கிரீடம், ஒட்டுமீசை, வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு மர வாள்கள்.

"கிரீடம் போகலாம். வாள் ஏலாது," என்கிறார், தெரிந்த தமிழில்.

"இது கத்தரிக்காயும் வெட்டாது, மிஸ்," என்று புனிதம் கெஞ்சுகிறார்.

பலனில்லை. வாள்கள் மேசைக்கடியில் போகின்றன. லாஞ்ச் ஊதுகிறது. ஓடிப்போய் ஏறுகிறோம்.

புனிதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாள் சுழற்ற மூன்று மாதம் பழகியிருக்கிறார். பகைவனின் வாளைப் பறித்துச் சண்டை போட்டால் என்ன என்று கேட்கிறேன்.

"என்னட்டையும் வாள் இல்லையே," என்கிறார் திரேசா, மீசையை ஒட்டிப் பார்த்தபடி.

மூவரும் சிரித்துவிடுகிறோம்.

"அப்ப ரெண்டு பேரும் இருந்து கதைச்சுத்தான் தீர்க்கவேணும்," என்கிறார் திரேசா.

புனிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாடகம் எழுதிவைத்த கொப்பியைத் திறக்கிறார்.

"ஓம், கதைப்பம். ஆனா அதிலயும் நான்தான் வெல்லவேணும்."