பேங்க்காரன் குடியிருக்கும் அறை

"அசலுக்குன்னு எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, பணத்தை உடனே தள்ளாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் அக்கா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் காசாளர் முகம் தெரிந்தவர்தான். மாதா மாதம் இதே வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர். ஆனாலும் அவர் பேனாவை எடுத்து, 'தவணை போக மீதி அசலுக்கு' என்று எழுதி முத்திரை குத்திய பிறகுதான் அக்காவின் கை பணத்தை விட்டு எழும். ரசீதை முன்னும் பின்னும் பார்த்து, முத்திரை மையை விரலால் தொட்டுப் பார்த்து, அதற்கப்புறம்தான் நகர்வார். பின்னால் வரிசையில் நிற்கும் நாங்கள் யாராவது பெருமூச்சு விட்டால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நீயும் இவனுக்குக் கூட்டா என்று கேட்கிற பார்வை.

அக்கா எங்கள் எதிர்வீடு. வேலை, லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில். வெறும் லாரியை ஒருமுறை, சரக்கோடு ஒருமுறை நிறுத்தி, வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு சக்கரத்தை மேடையின் விளிம்புக்கு வெளியே வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல் பீடி பற்றவைக்கும் டிரைவர் உண்டு. சரக்கு எடையைக் கூட்டிக் காட்ட, தண்ணீர் டிரம்மைச் சரக்குக்கு நடுவே செருகி வைப்பவர் உண்டு. இருக்கைக்குப் பின்னால் இரண்டு ஆட்களைப் படுக்க வைத்துக்கொண்டு வந்தவர்கூட உண்டு. அக்கா தான் உட்காரும் கூண்டைவிட்டு இறங்கி லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார், குனிந்து அடியில் பார்ப்பார், "எல்லாரும் இறங்குங்க" என்பார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர் அவர். எங்கள் கட்டடத்தில் அவருக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்பதுதான் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

ஒருமுறை என் மனைவி அவருக்கு ஒரு கொத்துத் திராட்சை கொடுத்தனுப்பினாள். வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் எங்களைக் கண்டால் ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "சொல்லுங்க, என்ன உதவி வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று சொன்னோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இன்றுவரை அந்தத் திராட்சைக்கு நாங்கள் எப்போது வந்து நிற்போம் என்று காத்திருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

இவ்வளவு சந்தேகம் பிறவியிலேயே வந்ததல்ல. வீட்டுக் கடன் வாங்கிய முதல் வருடம், தவணைக்கு மேல் கையில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார். வருடக் கடைசியில் பார்த்தால் அசல் நகரவே இல்லை. கூடுதலாகக் கட்டியதை வங்கியில் அடுத்தடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துக்கொண்டு, கடனைக் கடனாகவே விட்டுவைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "அசலுக்குன்னு நீங்க சொல்லலையே மேடம்" என்று பதில் வந்ததாம். அன்றைக்கு அக்கா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று அவர் கணவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த வங்கியின் மேல் இன்றும் கோபம் உண்டு. ஒரு மனுஷியை அழவிட்டதற்காகக் கொஞ்சம், அதற்குப் பிறகு அவரை இப்படி ஆக்கியதற்காக நிறைய.

அந்த வருடம்தான் அவர் பேங்க்காரனைக் கண்டுபிடித்தார். கவுண்டரில் இருக்கிறவரை இல்லை. வீட்டுக்குள் இருக்கிறவனை. கடனை அறை அறையாகப் பிரித்துக்கொண்டார். முழுக்கடனில் சமையலறையின் பங்கு இவ்வளவு, கூடத்தின் பங்கு இவ்வளவு என்று. பங்கு தீராத அறை பேங்க்காரன் குடியிருக்கும் அறை. அந்த வீட்டில் அவன் ஒரு ஆளாகவே உலவினான். "மெதுவாப் பேசுங்க, ஹால்ல இருக்கான்" என்பார். யாராவது விளக்கை அணைக்காமல் வந்தால், "அவனுக்கு எதுக்கு வெளிச்சம்?" என்பார்.

முதலில் மீட்டது சமையலறை. "அடுப்பு நம்ம இடத்துல எரியணும்." அடுத்தது குளியலறை. அதற்கு அவர் சொன்ன காரணத்தை இங்கே எழுத முடியாது, ஆனால் நியாயமான காரணம். பிறகு கூடம், பிறகு மகளின் அறை. ஒவ்வொரு அறை மீண்டதும் அதன் சுவரில் ஓர் ஆணி அடிப்பார். எதையும் மாட்டுவதற்கில்லை, அடிப்பதற்கு மட்டும். அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எதிர்வீட்டில் கைதட்டுவோம்.

கடைசிக்கு விட்டுவைத்தது படுக்கையறை. "தூங்கறதுக்கு எதுக்கு சொந்த இடம்? கண்ணை மூடிட்டா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். பேங்க்காரனுடைய சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். அதனால் அந்த அறையில் சட்டைகள் நாற்காலியில் குவிந்துகிடக்கும். கண்ணாடி தரையில் சாய்ந்து நிற்கும். அவர் கணவர் காலையில் அதன் முன் மண்டியிட்டுத் தலை வாரிக்கொண்டு வேலைக்குப் போவார்.

நான் ஒருநாள் கேட்டேன்: "இத்தனை வருஷமா எப்படிக்கா சலிக்காம கட்டறீங்க? எனக்கெல்லாம் ரெண்டாவது மாசமே அலுத்துப்போயிடும்."

"சலிப்பா? எவனோ ஒருத்தன் நம்ம வீட்டுக்குள்ள காலை நீட்டிப் படுத்திருக்கான்னு நெனச்சுப் பாருங்க. சலிப்பு வருமா, எரிச்சல் வருமா? எரிச்சல் இருக்கற வரைக்கும் கட்டிடலாம். ஆனா என்னையும் நம்ப முடியாது பாருங்க" என்றார். உண்மைதான். சம்பள நாளில் அவர் கடைத்தெரு வழியாக வரமாட்டார். பெட்ரோல் பங்கைச் சுற்றி, தூசியைத் தின்றுகொண்டு, நேராக வங்கிக்குப் போய்விட்டுத்தான் வீடு. தன் கால்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அவருக்குத் தன் மேலேயே சந்தேகம்.

கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்; எங்களுக்கு அண்ணன். பருத்த உடம்பு, அதற்கேற்ற சிரிப்பு. கூடுதல் பணத்தில் பாதி அவர் உழைப்பு. செலவைக் குறைக்க அக்கா கேபிள் இணைப்பைத் துண்டித்த நாளிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வந்துவிடுவார். நகைச்சுவைக் காட்சி ஓடினால் சோபாவே குலுங்கும். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அக்காவுக்கும் அது கேட்கும்.

சில மாதங்களுக்கு முன் அக்கா என்னைப் படிக்கட்டில் மடக்கினார்.

"அவர் உங்க வீட்ல என்ன பேசறார்?"

"ஒண்ணும் பேசறதில்லக்கா. சிரிப்பார், போயிடுவார்."

"வீட்ல பாத்திரம் கழுவறார். இப்பல்லாம் ஃபேன் போடட்டுமான்னு கேக்கறதில்ல. எது சொன்னாலும் சரிங்கறார்." குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்துக்கும் சரிங்கற டிரைவரைத்தான் முதல்ல இறக்கிப் பாக்கணும். ஏதோ ஏத்திட்டு வந்திருக்கார்."

நான் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இந்த வியாதி தொற்றக்கூடியது. அன்று சாயங்காலம் அண்ணன் சோபாவில் உட்கார்ந்து சிரித்தபோது, இது நிஜச் சிரிப்பா என்று நானும் ஓரக்கண்ணால் பார்த்தேன். இடையில் அவருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து நடைபாதைக்குப் போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசிவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். அக்கா என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சாட்சிக்கு ஆள் இருக்கணும்" என்றார். வந்தவர் நல்ல மனிதர்போலத்தான் இருந்தார், அதுவே அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது.

"உங்கள மாதிரி கட்டறவங்க ரொம்பக் கம்மி மேடம். மீதி இருக்கறதை இன்னும் ஏழு வருஷத்துக்கு நீட்டிக்கலாம். தவணை பாதிக்குப் பாதி குறையும். கொஞ்சம் ஃப்ரீயா இருக்கலாம்."

"வட்டி எவ்வளவு கூடும்?"

அவர் சொன்னார். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் உங்களைக் கூப்பிடலையே?"

வந்தவர் அக்காவின் கணவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அக்கா மட்டும் பார்க்கவில்லை. அவருக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நான்தான் கூப்பிட்டேன்" என்றார் கணவர்.

"எதுக்கு?"

"கொஞ்சம் மூச்சு விட."

"இன்னும் ஒன்றரை வருஷம்தாங்க. பல்லைக் கடிச்சுட்டு இருந்தா முடிஞ்சிடும்."

"பொண்ணு ரூமுக்கும் இதேதான் சொன்ன. ரூமும் வந்துச்சு, ஆணியும் அடிச்ச. ரெண்டே மாசத்துல அவ வேலை கெடச்சு வேற ஊருக்குப் போயிட்டா. இப்ப அந்த ரூம்ல யாரு இருக்கா?" அவர் குரலை உயர்த்தவே இல்லை. சிரித்துப் பழகிய முகம் என்பதால், பேசும்போதும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு மிச்சமிருந்தது. பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "இத்தனை வருஷமா நம்ம பெட்ரூம்ல பேங்க்காரன் படுத்திருக்கான். எனக்கு அவன் பழகிட்டான். அவன் என் சட்டைப் பையைத் தடவிப் பாக்கறதில்ல. எங்க போனேன்னு கேக்கறதில்ல. அவன்கூட நான் குடித்தனம் பண்ணிடுவேன். உன்கூடத்தான் முடியல."

வங்கியிலிருந்து வந்தவர் தன் காகிதங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். அக்கா எழுந்து உள்ளே போய் அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்தார். "குடிச்சுட்டுக் கெளம்புங்க. கையெழுத்து எதுவும் இல்ல" என்றார். கணவருக்கும் ஒரு டம்ளர் வைத்தார். அவர் அதை எடுக்கவில்லை. ஆடை படிந்து அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணன் எங்கள் வீட்டில் இருக்கும் நேரம் மட்டும் நீண்டது. நாங்கள் கொட்டாவி விட ஆரம்பித்த பிறகும் உட்கார்ந்திருப்பார். சிரிப்பு குறைந்துவிட்டது. டிவியில் விளம்பரம் ஓடும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். என் மனைவி என்னிடம், "இவர் ஒருநாள் திரும்பிப் போகாமலே இருந்துடுவாரோ?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அந்த மாதம் வங்கியில் நான் அக்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். தவணையைக் கட்டினார். பிறகு கைப்பையிலிருந்து கூடுதல் பணத்தை எடுத்தார், எண்ணினார், எண்ணியதை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை மட்டும் உள்ளே தள்ளினார். காசாளர் தானாகவே பேனாவை எடுத்து, "அசலுக்குத்தானே?" என்றவர், பணத்தை எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், இந்த மாசம் பாதிதான் இருக்கு."

"தெரியும். நான்தானே குடுத்தேன்."

மீதிப் பாதியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வீடுவரை கூடவே நடந்தேன். வழியில் எங்களைக் கடந்துபோன ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவருக்குத் துணிவு ஏற்பட்டதாகவோ மனம் இளகியதாகவோ எனக்குத் தோன்றவில்லை. பயந்துபோயிருந்தார். அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பாதியை என்னக்கா பண்ணப்போறீங்க?"

"தெரியல" என்றார். "கடன்னா எவ்வளவு இருக்குன்னு சொல்லிடலாம். இது எதுக்குன்னே சொல்ல வரல. அதான் கையெல்லாம் சில்லுனு இருக்கு."

அன்று சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல எங்கள் சோபாவில் இருந்தார். கதவு திறந்தேதான் இருந்தது, ஆனாலும் அழைப்பு மணி அடித்தது. அக்கா நின்றுகொண்டிருந்தார். நெஞ்சோடு அணைத்த பை அப்படியே இருந்தது. ஏதோ முறையிட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ரிமோட்டைத் தேடி ஒலியைக் குறைத்தார்.

"குறைக்காதீங்க" என்றார் அக்கா. "நானும் பாக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். இதில் எனக்கு ஏதாவது பங்குண்டா என்று கேட்கும் பார்வை. நான் கையை விரித்தேன்.

"வீட்ல தனியா இருக்க முடியல" என்றார் அக்கா, யாரிடமும் என்றில்லாமல்.

அண்ணன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அத்தனை வருடங்களில் எங்கள் வீட்டில் அக்கா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. சோபாவின் மெத்தையைக் கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். திரையில் ஒருவன் ஏணியோடு சரிந்து வண்ணத் தொட்டிக்குள் விழுந்தான். அண்ணன் சிரிக்கவில்லை. அடக்கிக்கொண்டிருந்தார், வயிறு மட்டும் லேசாக அதிர்ந்தது. அக்கா திரையைப் பார்க்காமல் அந்த வயிற்றையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கைப்பையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.