அடுப்பு மலையேறிடுச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் யோசித்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் பேகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தோம். கேஸ் அடுப்பு வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டுதான் முதல் நாள் பற்றவைத்தேன்.

எங்கள் வீட்டில் நெருப்பை ‘அணை’ என்று வாய் தவறியும் சொல்ல மாட்டோம். விளக்கு மலையேறிவிட்டது என்போம். நாமே பூவால் அமர்த்தினாலும், அது தானாகப் போனதாகத்தான் பேச்சு. கேஸ் அடுப்புக்கும் அதே பேச்சைப் பழக்கிவிட்டேன்.

அப்போது என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எட்டு மாதம். மாமியார் காலமாகிவிட்டதால் அவளுக்குத் தாய் ஸ்தானத்தில் நான்தான். அவள் புகுந்த ஊரில் விறகடுப்பு. கேஸைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.

ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். சின்னத் தீயில் பாலை வைத்திருந்தேன். திடீரென்று காற்றும் தூறலுமாக வந்தது. அவளைப் பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, துணி எடுக்கப் பின்கட்டுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து குரல் வந்தது.

“அண்ணி, அடுப்பு மலையேறிடுச்சு.”

“சரி, இருக்கட்டும்” என்றேன். அவள் மூடிவிட்டாள் என்று நான் நினைத்தேன். காற்றில் போன தீயை வந்து பற்றவைத்துக்கொள்வேன் என்று அவள் நினைத்தாள். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலையும் சாத்திவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

துணி மடித்து, கைகால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வர கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சாமி அலமாரி சமையல்கட்டில்தான் இருந்தது. ஜலதோஷத்தில் எனக்கு மூக்கு அடைப்பு. சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து குச்சியையும் எடுத்துவிட்டேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “இன்னா அண்ணி இது, கோஸ் ஏதாவது அழுகிக் கெடக்குதா? வெள்ளிக்கெழமையும் அதுவுமா சாமிக்கு நல்ல வாசனை காட்றீங்க.”

கேலிதான் செய்தாள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சிலிண்டர் கொண்டுவந்தவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாற்றம் வந்தால் குச்சி கிழிக்கக்கூடாது, லைட் போடக்கூடாது. திரும்பிப் பார்க்கிறேன், இருட்டாக இருக்கிறதே என்று அவள் கை ஸ்விட்சுக்குப் போகிறது. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன். “எதையும் தொடாத, வெளிய நட” என்று தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மூச்சை அடக்கி மறுபடி உள்ளே வந்து, அடுப்பையும் சிலிண்டரையும் மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்தேன்.

தூறலில் இருவரும் நின்றோம். ஊரெல்லாம் விளக்கு ஏற்றியாயிற்று, எங்கள் வீடு மட்டும் இருட்டு. வெள்ளிக்கிழமை விளக்கில்லாமல் போகிறதே என்று ஒரு பயம். ஏற்றினால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு பயம். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, நாற்றம் சுத்தமாகப் போகும்வரை ஏற்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் வந்து, ஏன் இருட்டில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். நடுக்கத்தில் நான் சொன்னது இதுதான்: “உங்க தங்கச்சி கேஸைத் தெறந்து வுட்டுட்டு உக்காந்துட்டா.”

“நான்தான் சொன்னேனே அண்ணி, மலையேறிடுச்சுன்னு” என்றாள் அவள், கண் கலங்க.

அந்தச் சொல்லை இரண்டாம் முறை காதில் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அடுப்புக்கு அந்தச் சொல்லைப் பழக்கியவள் நான், போய்ப் பார்க்காதவளும் நான். ஆனாலும் வாய் திறக்கவில்லை. அவர் அவளைத் திட்டினார். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அண்ணாமலையார் புண்ணியத்தில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அன்றிலிருந்து அடுப்பை ‘மூடியாச்சு’ என்றுதான் சொல்கிறேன், சொன்ன பிறகும் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் உறவுக்காரர்கள் கூடினால் என் வீட்டுக்காரர் இன்றும் இதைத் தங்கையின் அசட்டுத்தனமாகச் சொல்லிச் சிரிக்கிறார். அவளும் சிரிக்கிறாள். நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

படிக்கிறவர்கள் நாலு வீட்டில் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது ஒரு வார்த்தையும் மாற்றாமல், தப்பு அண்ணிமேல்தான் என்றே சொல்லுங்கள். என் உயிரையும் தன் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றியவளை அவள் பிறந்த வீட்டிலேயே அசடாக்கி வைத்திருக்கிறேன் என்பதுதான், அடுப்பைத் தொடும்போதெல்லாம் எனக்குச் சுடுகிறது.