கிணற்று வீட்டுக்கு வந்த மெஷின்

ஒரு மாரிகாலத்தில் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கிளிநொச்சி ஆசுபத்திரியில் பிளாஸ்டர் போட்டார்கள். அதைக் கழற்றிய பிறகும் கை கொஞ்சம் கோணலாகவே நின்றுவிட்டது. தேங்காய் துருவுவாள், கறி கிளறுவாள். ஈர உடுப்பை முறுக்கிப் பிழிய மட்டும் முடியவில்லை. அதனால் உடுப்புத் தோய்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அவளுக்குத்தான் பொறுக்கவில்லை. தன்னுடைய உள்ளுடுப்புகளை ஒளித்து வைத்து, நான் வயலுக்குப் போன பிறகு இடக்கையால் அலசிக் கொடியில் போடுவாள். அவை தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கும். ஒருநாள் நேரத்தோடு திரும்பிவந்தவன் அதைக் கண்டேன். எடுத்துப் பிழிந்து, உதறி, திரும்பப் போட்டேன். அவள் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மெஷின் வாங்குவமோ?" என்று கேட்டேன்.

"எங்களுக்கேன் உதெல்லாம்" என்றாள். குரலில் அவ்வளவு மறுப்பு இருக்கவில்லை.

சிறுபோக நெல் அறுவடை முடிந்ததும் எங்கள் உருத்திரபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் டவுனுக்குப் போனோம். மின்சாமான் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று அவள் ஒரு கணம் தயங்கினாள். சிவப்பு ரீசேர்ட் போட்ட ஒரு பெண்பிள்ளை ஓடி வந்தாள். இருபது, இருபத்தொரு வயது இருக்கும். "வாங்கோ அன்ரி, வாங்கோ அங்கிள்" என்று சொந்த வீட்டுக்கு அழைப்பதுபோல் அழைத்தாள்.

என் மனைவி ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் இரண்டு தொட்டி வைத்த மெஷின் இருந்தது. ஒன்றில் தண்ணீரை ஊற்றித் தோய்ப்பது, மற்றதில் போட்டுப் பிழிவது. அதைத்தான் கேட்டாள்.

"ஐயோ அன்ரி, அது பழைய மொடல். இனி அதுக்குப் பார்ட்ஸும் வராது" என்ற பிள்ளை, முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த ஒரு வெள்ளை மெஷினுக்கு முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதெண்டால் உடுப்பைப் போட்டு ஒரு பட்டனை அமத்தினால் சரி. அன்ரி கையை நனைக்கவே தேவையில்லை."

"எங்கடை வீட்டிலை பைப் இல்லைப் பிள்ளை. கிணறுதான்."

பிள்ளை கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது பிரச்சினையில்லை அன்ரி. இந்தத் தூள் போடுற லாச்சிக்குள்ளாலை வாளித் தண்ணியை ஊத்தினாலும் ஓடும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அந்த மெஷினின் பட்டன்களைப் பார்த்தேன், எல்லாம் விளங்கியவன்போல. அதற்குள் இன்னொரு பையனும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டான். கரண்ட் கூடிக் குறைந்தால் மெஷின் எரிந்துவிடும், அதற்கொரு பெட்டி வேண்டும் என்றான். கீழே வைக்க ஒரு ஸ்ராண்ட், அதற்கு மேல் இரண்டு வருஷ வாரண்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றோம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற கூச்சம்தான். உண்மையில், நாங்கள் கதவைத் தள்ளி உள்ளே வந்த விதத்திலேயே அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

மெஷின் வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி கட்டில் விரிப்புகளைப் போட்டுக் கதவை மூடினாள். நான் லாச்சியை இழுத்து, வாளியிலிருந்து சாடியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். கொஞ்சம் உள்ளே போனது. மிச்சம் என் காலில் வழிந்தது. மெஷின் ஒரு சுற்றுச் சுற்றியது, நின்றது, சிவப்பு வெளிச்சம் போட்டுக் கூவத் தொடங்கியது. மறுபடி ஊற்றினேன், மறுபடி கூவியது. நனைந்த விரிப்புகள் கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தன. கதவும் திறக்கவில்லை. கரண்டை நிற்பாட்டிவிட்டுக் காத்திருந்து, ஒருவழியாகத் திறந்தோம்.

"நான் வடிவாச் சொன்னனான்தானே, கிணறு எண்டு" என்றாள் அவள் மெதுவாக. என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் சரியாகத்தான் பேசினாளா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள் என்று பட்டது. எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது.

திரும்பவும் கடைக்குப் போனோம். மனேஜர் மரியாதையாகத்தான் கதைத்தார். பெட்டி பிரித்துத் தண்ணீர் பட்ட சாமானைத் திருப்பி எடுக்க முடியாதாம். "ஒரு தண்ணித் தாங்கி கட்டி பைப் இழுத்தியளெண்டால் அருமையா வேலை செய்யும் அங்கிள்" என்றார். கட்டுவதற்கு எங்களிடம் அப்போது வசதி இல்லை. பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் என் மனைவி இல்லை. கடையின் மறுகோடியில், அதே மாதிரிக் கண்ணாடிக் கதவு மெஷின் ஒன்றின் முன்னால் நின்றிருந்தாள். அதே சிவப்பு ரீசேர்ட் பிள்ளை வயதான ஒரு முஸ்லிம் தம்பதிக்கு அதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்காகப் பார்க்கிறார்களாம்.

"அம்மா, உங்கடை வீட்டிலை தண்ணித் தாங்கி இருக்கோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"இல்ல மகள். கிணறுதான். இந்தப் புள்ள வாளியால ஊத்தலாம் எண்டுது."

"வாளியாலை ஊத்த ஓடாதம்மா. நாங்கள் ஊத்திப் பாத்தனாங்கள்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை, பிள்ளையின் பக்கம் திரும்பவும் இல்லை. அந்த அம்மா தன் கணவரைப் பார்த்தார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "அப்ப அந்த ரெண்டு தொட்டி மெஷினைக் காட்டுங்க புள்ள" என்றார். பிள்ளையின் முகம் சிவந்துபோயிருந்தது. ஆனாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள்.

நாங்கள் வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது அந்தப் பிள்ளை பின்னால் ஓடிவந்தாள். எங்களைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"அன்ரி, நான் பொய் சொல்ல வேணுமெண்டு சொல்லேல்லை" என்றாள். "உப்பிடித்தான் சொல்லச் சொல்லித் தந்தவை. எங்கடை வீட்டிலை மெஷின் இல்லை. இது தண்ணியோடை ஓடி நான் ஒருநாளும் பாத்ததில்லை. கடையிலை வெறும் மெஷின்தானே."

 என் மனைவி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "எங்கை பிள்ளை வீடு?" என்று கேட்டாள்.

"பரந்தன். அம்மாவும் நானும்தான்."

"அப்ப ஆர் உடுப்புத் தோய்க்கிறது?"

"நான்தான். வேலைக்கு வர முதல், கிணத்தடியிலை."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்து அந்தப் பிள்ளைக்கும் வந்தது. எங்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சில கிழமைகள் கழித்து அவளிடமிருந்து அழைப்பு வந்தது. டவுனில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஒரு பள்ளிக்கூட ரீச்சர் கண்ணாடிக் கதவு மெஷின் தேடுகிறாராம். வீட்டில் தாங்கி இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டாளாம். எங்களுடையது தண்ணீர் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ரீச்சர் வந்து பார்த்து எடுத்துப்போனார். எங்களுக்குக் கொஞ்சம் நட்டம்தான். ஆனால் அந்தக் காசில் இரண்டு தொட்டி மெஷின் வாங்க முடிந்தது. வாங்கும்போது வேறு பெட்டியோ ஸ்ராண்டோ வேண்டாம் என்று அந்தப் பிள்ளையே மெல்லிய குரலில் சொல்லிவிட்டாள்.

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சைக்கிள் கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. "மெஷின் ஓடுறதைப் பாக்கலாமோ அன்ரி?" என்று கேட்டாள்.

நான் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன். என் மனைவி தூளைப் போட்டாள். எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று இன்னும் அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பிள்ளை கடையில் பாடமாக்கியதைச் சொன்னாள். அதில் பாதி சரியாக வந்தது, மீதியை இரண்டு பேரும் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். நுரை பொங்கி வழிந்தபோது, தூள் கூடிப்போச்சு என்று ஒருவரையொருவர் சாட்டிக்கொண்டார்கள்.

உடுப்புகள் ஒரு பக்கமாகச் சுழன்று, நின்று, மறுபக்கம் சுழன்றன. பிள்ளை ஸ்ரூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஆறுகிறது என்று என் மனைவி இரண்டு தரம் சொல்லிப்பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டு, தானும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.